சாந்தா ரீத்தாவின் ஊதா அவரை

எங்கள் மலையூர் சான் கபினோவில் தோட்டத்து விதை பெண்களின் பொறுப்பு. வயலுக்கான மக்காச்சோளத்தை ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். பூசணி, மிளகாய், அவரை, கொத்தமல்லி, செண்டுப்பூ எல்லாம் வீட்டுக்காரி கையில். நான் தச்சன். கதவுக்கும் சவப்பெட்டிக்கும் அளவெடுக்கத் தெரியும். ஒரு விதையைப் பார்த்து அதில் உயிர் இருக்கிறதா என்று சொல்லத் தெரியாது. அதைச் சொல்ல என் மனைவி ஓத்திலியா இருந்தாள். அவள் கர்த்தருக்குள் போய் இந்த ஆகஸ்டோடு பதினோரு வருடம் ஆகிறது.

அவள் காலத்தில் எங்கள் சமையலறை விட்டத்தைப் பார்த்தால் திருவிழாத் தோரணம் கட்டியது போல இருக்கும். பூசணி விதை என் பழைய காலுறைக்குள் தொங்கும். கொத்தமல்லி காகிதப் பொட்டலத்தில். செண்டுப்பூவைப் பூவாகவே உலர்த்தி நூலில் கோத்திருப்பாள். மிளகாயை விதையோடு சேர்த்துக் கொத்துக் கொத்தாகக் கட்டியிருப்பாள். எல்லாவற்றுக்கும் கீழே அடுப்பு. அடுப்புப் புகை ஏறி ஏறி விதைகளுக்கு ஒரு வாசனை வந்திருக்கும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது விறகுப் புகையும் உலர்ந்த மிளகாயும் கலந்து மூக்கில் பட்டால், நான் ஒரு நிமிடம் வாசலிலேயே நின்றுவிடுகிறேன்.

அந்தத் தோரணத்தின் நடுவில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கும். அதை மட்டும் யாரும் தொடக் கூடாது. அதில்தான் சாந்தா ரீத்தாவின் ஊதா அவரை இருந்தது.

சாந்தா ரீத்தா ஓத்திலியா பிறந்த ஊர். மலைமேல் ஓர் ஆற்றங்கரை. அணை கட்டியபோது ஊர் முழுவதும் தண்ணீருக்குள் போனது. கோவில் மணியை மட்டும் கழற்றி எடுத்தார்கள். சனங்களை லாரிகளில் ஏற்றிக் கீழே வெப்பக்காட்டில் கொண்டுபோய் இறக்கி, அந்த இடத்துக்குப் புதிய சாந்தா ரீத்தா என்று பெயர் வைத்தார்கள். ஓத்திலியாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் மட்டும் எங்கள் ஊரில் இருந்த சித்தி வீட்டுக்கு வந்தாள். வரும்போது மடியில் வைத்துக்கொண்டு வந்தது அந்தக் குடுக்கையைத்தான். இரண்டு வருடம் கழித்து எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது என் வீட்டுக்குள் முதலில் நுழைந்ததும் அதுதான்.

ஒவ்வொரு அவரையும் கட்டைவிரல் நகம் அளவு. நாவற்பழ நிறத்தில் கறுப்புக் கோடுகள் ஓடும். கொடி வேலியில் ஏறினால் சிவப்பாகப் பூக்கும், தேன்சிட்டுகள் விடியற்காலையிலேயே வந்துவிடும். ஒவ்வொரு வருடமும் அறுவடையில் விதைக்குப் போக மீதியை ஒரே ஒருமுறை சட்டியில் வேகவைப்பாள். அன்றைக்கு அவள் உட்கார்ந்து சாப்பிட மாட்டாள். சன்னலைப் பார்த்து நின்றபடி சாப்பிடுவாள். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்த வருடம், செப்டம்பரில் ஆலங்கட்டி மழை கொட்டிப் பிஞ்செல்லாம் உதிர்ந்துபோயிற்று. சட்டிக்கு ஒன்றும் இல்லை. விதைக்கு ஒரே ஒரு குடுக்கை. ஊரில் நாலைந்து பேருக்கு அவள் முன்பே விதை கொடுத்திருந்தாள். போய்க் கேட்டதற்கு எல்லாரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். "ருசியா இருந்துச்சுடி" என்றார்கள்.

சனவரியில் மக்காச்சோளம் பரணுக்கு ஏறியது. அதன் பின்னாலேயே எலியும் ஏறியது.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பூனையை இரவல் வாங்கி வந்தேன். அது வந்த நாளிலிருந்து அடுப்போரமாகச் சுருண்டு படுத்துக்கொண்டது.

"ஏ கிழவா, இது பூனையா, மேற்றிராணியாரா?" என்றாள் ஓத்திலியா. "எலி முன்னால போனா ஆசீர்வாதம் குடுத்து அனுப்புது!"

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. எங்கள் பக்கத்தில் புருசனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், மீசை முளைத்த மறுநாளிலிருந்து.

அந்த வாரமே எலி, விட்டத்தின் வழியாக வந்து கயிற்றில் இறங்கி, குடுக்கையின் மூடிக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டுவிட்டது. ஓத்திலியா குடுக்கையை இறக்கிக் குலுக்கிப் பார்த்தாள். பாதிச் சத்தம்தான் வந்தது. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மீந்தது இரண்டு கையளவு. அழவில்லை. அவரையை ஒரு துணிப்பைக்கு மாற்றி, அடுப்புச் சாம்பலைச் சலித்துப் போட்டு, மறுபடி தொங்கவிட்டாள். நான் பழைய தகரத்தை வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, ஒவ்வொரு கயிற்றிலும் பாதி வழியில் கோத்தேன். எலி இறங்கினால் தகரத்தில் வழுக்கிக் கீழே விழும். அப்படியும் அவளுக்கு மனம் ஆறவில்லை. வேலை செய்துகொண்டே அடிக்கடி அண்ணாந்து பார்ப்பாள்.

மாதக் கடைசியில், வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவள் தங்கை அம்பாரோவுக்குப் பிரசவ நேரம் என்று ஆள் வந்தது. ஓத்திலியா மூட்டை கட்டினாள்.

"மெழுகுதிரித் திருநாளுக்கு நான் இருக்க மாட்டேன். பாலசேசுவையும் விதையையும் திரியையும் நீதான் கோவிலுக்குத் தூக்கிட்டுப் போகணும். மந்திரிச்சதும் கொண்டு வந்து பத்திரமா வை. எலி... எலி பத்திரம், கிழவா."

காய வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மூச்சுவிட வேண்டும் என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா? பெண்களுக்கெல்லாம் தெரிந்த விசயம் அது.

பிப்ரவரி இரண்டாம் தேதி எங்கள் கோவில் முற்றம் நிறைந்துவிடும். வீட்டுக்கு ஒரு பாலசேசு சுரூபம், அதாவது குழந்தை இயேசுவின் சிலை, புது உடுப்பு போட்டுக் கையில் ஏந்தி வருவார்கள். இன்னொரு கையில் அந்த வருடத்து விதைக்கூடை, அதில் செருகிய மெழுகுதிரி. எல்லாம் பெண்கள். நடுவில் நான்.

"எவரிஸ்தோ, கையில பிள்ளையா! எப்பப் பெத்த?" என்று எதிர்வீட்டுப் பெரியவள் தோன்யா பிரிமித்திவா உரக்கக் கேட்டாள். "மூக்கு உன்னை மாதிரி இல்லையே, நல்லாத்தானே இருக்கு!"

முற்றமே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து காட்ட வேண்டும் என்கிற வீம்பு அந்த இடத்தில்தான் எனக்குள் புகுந்தது என்று நினைக்கிறேன்.

எங்கள் பங்குக் குரு நெமேசியோ சாமி நல்ல மனிதர், கை தாராளம். தீர்த்தம் தெளிப்பதில் அவருக்குக் கஞ்சத்தனமே கிடையாது. வாளியில் செடிக்கொத்தை முக்கி முக்கி வீசினார்.

"சாமி மந்திரிக்கிறாரா, குளிப்பாட்டுறாரா?" என்று தோன்யா பிரிமித்திவா முணுமுணுத்தாள்.

என் கூடையில் இருந்த அவரை பளபளவென்று நனைந்திருந்தது. மற்றப் பெண்கள் வீட்டுக்குப் போய் விதையைப் பாயில் விரித்திருப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. மந்திரித்த தண்ணீரைத் துடைப்பதாவது! துடைத்தால் ஆசீர்வாதமும் போய்விடாதா? எலிப் பயம் வேறு. பன்றிக்கொழுப்பு வாங்கிய டின் ஒன்று வீட்டில் இருந்தது. அதைக் கழுவித் துடைத்து, அவரையை அந்த ஈரத்தோடேயே கொட்டி, மூடியை அழுத்தினேன். மந்திரித்த திரியை ஏற்றி, மூடியைச் சுற்றி மெழுகு ஒழுகவிட்டேன். ஓர் எறும்புகூட நுழைய முடியாது. டின்னை மாதாவின் படத்தடியில் வைத்துவிட்டு, என் வேலையை நானே நின்று ரசித்தேன். எந்த எலி இனி என்ன செய்யும்?

ஓத்திலியா மாதக் கடைசியில் திரும்பினாள். தங்கைக்கு ஆண்பிள்ளை. முக்காட்டைக் கழற்றுவதற்கு முன்பே விட்டத்தைப் பார்த்தாள். நான் சிரித்துக்கொண்டே டின்னைக் காட்டினேன். மெழுகுப் பூச்சை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கும் சந்தோசம்தான்.

"எலி ஏமாந்துச்சு போ! காய வச்சுத்தானே போட்ட?"

அந்தக் கேள்விக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.  முற்றத்துச் சிரிப்பு காதில் கேட்டது.

"ஆமா" என்றேன்.

அன்றைக்கே மூடியைத் திறந்திருந்தால் பாதி விதையாவது பிழைத்திருக்கும். இதை நான் எத்தனையோ முறை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். சாமிமார்கள் சின்னப் பாவம் என்று சின்ன அபராதம்தான் கொடுத்தார்கள். ஆனால் தண்ணீர் கெடுத்ததைவிட அந்த ஒரு சொல்தான் அதிகம் கெடுத்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு மாதத்துக்கு மேல் போயிற்று. வேலைக்கு நடுவில் அந்த டின் கண்ணில் பட்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மே மாதம் முதல் மழை விழுந்தது. ஓத்திலியா கத்தியால் மெழுகைச் சுரண்டி மூடியை நெம்பினாள். வாடை எழுந்தது. பழைய கிணற்றைத் திறந்தது போல. உள்ளே அவரை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பல் நிறப் பஞ்சு பூத்துக் கிடந்தது. சில முளைவிட்டு, இருட்டிலேயே கறுத்துப்போயிருந்தன.

அவள் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

"காய வச்சேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"வச்சியா?"

"இல்ல, ஓத்திலியா. அப்பவே பொய் சொன்னேன்."

அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி, ஈரத்துணியில் சுற்றிவைத்தாள். எட்டு நாள் துணியை நனைத்து நனைத்துப் பார்த்தாள். எட்டாம் நாள் துணியோடு எடுத்துப்போய் மாதுளைச் செடியின் அடியில் புதைத்தாள். அந்த எட்டு நாளும் வேளைக்குச் சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் என்னைக் கிழவா என்று கூப்பிடவில்லை. எவரிஸ்தோ என்றாள். என் பெயர் அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒன்பதாம் நாள் காலையில் நான் தொப்பியை எடுத்தேன்.

"புதிய சாந்தா ரீத்தாவுக்குப் போறேன். வீடு வீடாக் கேட்கிறேன்."

"அங்க யார்கிட்டயும் இருக்காது. அந்த வெக்கையில இது பூக்கும், காய்க்காது. மூணு வருசம் போட்டுப் பார்த்துட்டு எல்லாரும் விட்டுட்டாங்க."

"கேட்டுட்டு வர்றேன்."

நான் தெருமுனை தாண்டுவதற்குள் அவள் செருப்புச் சத்தம் பின்னால் கேட்டது.

"உன்னைத் தனியா விட்டா ஆமணக்கு விதையைக் கட்டிக் குடுத்து அனுப்பிடுவாங்க" என்றாள். அவ்வளவுதான். பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, மலை இறங்கும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

புதிய சாந்தா ரீத்தாவில் எல்லா வீடும் ஒரே அளவு, எல்லாக் கூரையும் தகரம். ஓத்திலியாவின் ஞானத்தாய் தோன்யா எஃப்ரோசினா அவளைக் கட்டிக்கொண்டு அழுது முடித்தபிறகு விசயத்தைக் கேட்டாள். கையை விரித்தாள். "எங்க ஊரு அவரை உன்கிட்ட இருக்குன்னுல்ல நாங்க நிம்மதியா இருந்தோம், மகளே!" என்றாள். ஓத்திலியா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "கெட்டுப்போச்சு அம்மா" என்று மட்டும் சொன்னாள். அது எனக்கு அடியைவிட வலித்தது. "நான்தான் கெடுத்தேன்" என்றேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வாசலிலும் அதை நானே முதலில் சொன்னேன். இருபது வீடு இருக்கும். காபி கொடுத்தார்கள், திட்டினார்கள், மறுபடி காபி கொடுத்தார்கள். அவரை இல்லை.

பிற்பகலில் சவரக்கடை எதிரே மாமர நிழலில் ஐந்தாறு பேர் படச்சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நாட்டில் இதை விளையாடாத வீடு இல்லை. ஒருவர் கட்டிலிருந்து படத்தை எடுத்துக் கூவுவார். அந்தப் படம் யார் அட்டையில் இருக்கிறதோ அவர்கள் அதன்மேல் ஒரு கொட்டையை வைப்பார்கள். வரிசை நிறைந்தவருக்கு வெற்றி. கூவியவர் சவரக்காரர் டோன் லியோகாதியோ.

"குடை! லாரியில வந்த அன்னிக்கு எவனும் தராதது!"

"வச்சாச்சு!"

"மீன்! என் பழைய அடுப்படியில குடியிருக்கிற பெரிய மனுசன்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆயிரம் தடவை கேட்ட வேடிக்கைக்குச் சிரிக்கிற சிரிப்பு அது. வணக்கம் சொல்லக் குனிந்த ஓத்திலியா அப்படியே நின்றாள். மீன் படத்தின்மேல் தோன்யா கசில்தா என்கிற அம்மாள் வைத்த கொட்டையைப் பார்த்தபடி நின்றாள். ஊதா நிறம். கறுப்புக் கோடு. விரல் பட்டுப் பட்டு மெருகேறி, கண்ணாடிப் பாசி போல மின்னியது.

"டோன் லியோகாதியோ, இது எங்க இருந்து?"

"எங்க இருந்தா? ஊர்ல இருந்துதான். லாரி வந்தப்ப ஆட்டம் நடந்துட்டிருந்துச்சு. அப்படியே டப்பாவுல அள்ளிப் போட்டுக்கிட்டு ஏறினேன். ஆறு வருசமா இதேதான்."

"எலி தொடலையா?" என்று நான் கேட்டேன்.

"தினமும் ரெண்டு வேளை இவங்க கை இந்த டப்பாவுக்குள்ள கிடக்கு. எலிக்கு ஏது இடம்?"

 நான்தான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இருபத்தோராவது முறையாக என் கதையைச் சொன்னேன். 

தோன்யா கசில்தாவின் அட்டையில் வரிசை நிறைய ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. அவள் அதைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். பிறகு அட்டையை அப்படியே தூக்கி, அதிலிருந்த அவரையெல்லாம் ஓத்திலியாவின் உள்ளங்கையில் சரித்தாள்.

"நாலு நாளைக்கப்புறம் இன்னிக்குத்தான் ஜெயிக்க இருந்தேன். பரவாயில்ல, பிடி."

மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகச் சரித்தார்கள்.

"ஆட்டத்தைக் கலைச்சிட்டீங்களே, பாவிகளா!" என்று டோன் லியோகாதியோ சத்தம் போட்டார். சத்தம் போட்டுக்கொண்டே டப்பாவைக் கவிழ்த்து மிச்சத்தையும் தட்டினார். கடைக்குள் போய் ஒரு கை சோடா மூடிகளை அள்ளி வந்து மேசையில் போட்டார். "இது முளைக்காது. இனிமே எவளும் கேட்க மாட்டா. ஆடுங்க!"

முப்பத்தேழு அவரை. திரும்பும் பேருந்தில் அவள் அவற்றைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்திருந்தாள். மலை ஏறத் தொடங்கியதும் குளிர்ந்த காற்று வந்தது.

"ஆறு வருசம். முளைக்குமான்னு தெரியல, கிழவா" என்றாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிரே ஒரு பெண் மடியில் கோழியோடு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே நடுவில் வரும் உழவர்களின் புனிதர் இசிதோர் திருநாளுக்கு மறுநாள் விதைத்தாள். ஒவ்வொரு அவரைக்கும் ஒரு சிரட்டை அளவு மண்கிண்ணம், இலைமக்கும் மணலும் கலந்து. பன்னிரண்டு நாள் ஒன்றுமில்லை. நான் காலையில் வேலைக்குப் போகும் முன் அவற்றின் முன்னால் நின்று மாதாவுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்வேன். அவள் பார்த்தும் பார்க்காதது போல இருப்பாள். பதிமூன்றாம் நாள் மண் வெடித்து ஒரு வளைந்த கழுத்து தெரிந்தது. மொத்தம் ஐந்து முளைத்தன. மற்ற முப்பத்திரண்டும் மண்ணோடு மண்ணாகிவிட்டன.

ஐந்து கொடியையும் ஐந்து பிள்ளைகளைப் போல வளர்த்தோம். ஆலங்கட்டி மழைக்குப் பயந்து மேலே கோணி விரித்தேன். அந்த அறுவடையில் ஒரு கொட்டையும் சட்டிக்குப் போகவில்லை. விதையை நிழலில் விரித்து, பல்லால் கடித்தால் தடம் பதியாத அளவுக்குக் காய வைத்தோம். சாம்பல் கலந்து டின்னில் போட்டோம். அடுத்த மெழுகுதிரித் திருநாளில் மந்திரித்துக் கொண்டுவந்ததும் மறுபடி ஐந்து நாள் பாயில் கிடந்தது. கோவில் வாசலில் நின்று போகிற பெண்களிடமெல்லாம், "காய வைங்க, காய வைங்க" என்று நான் சொல்லப்போய், எனக்குக் "காயவை" என்றே பெயராகிவிட்டது. தோன்யா பிரிமித்திவாவின் உபயம். சந்தோசமாக ஏற்றுக்கொண்டேன். ஒரு வீட்டு விதையாவது அந்தக் கேலியால் பிழைத்திருக்கும்.

இரண்டாம் வருடம் வேலி முழுக்க சிவப்பாகப் பூத்தது. விதைக்கு எடுத்து, ஊரில் ஏழு வீடுகளுக்குக் கொடுத்து, அதற்குமேலும் ஒரு சாக்குப் பை மீந்தது. டிசம்பரில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்கினோம்.

டோன் லியோகாதியோ டப்பாவை நீட்டினார். ஓத்திலியா அதை நிரப்பினாள். பையில் இன்னும் நிறைய இருந்தது. அங்கே விதைத்தால் காய்க்காது என்று எல்லாருக்கும் தெரியும். எனவே தோன்யா எஃப்ரோசினா பெரிய மண்சட்டியைத் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டாள். கல் கூட்டினார்கள். சவரக்கடைப் பலகையை உடைத்து விறகாக்கலாம் என்று யாரோ சொல்ல, டோன் லியோகாதியோ கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவரை வேகச் சாயங்காலம் ஆயிற்று. வாசனை வந்ததும் தெருவில் பேச்சு ஒவ்வொன்றாக நின்றுபோயிற்று. வயதானவர்கள் வீட்டுக்குள்ளிருந்து தட்டோடு வெளியே வந்தார்கள்.

ஓத்திலியாதான் பரிமாறினாள். அன்றைக்குத்தான் கவனித்தேன், யாரும் உட்காரவில்லை. தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மலை இருக்கும் பக்கம் பார்த்தபடி நின்று சாப்பிட்டார்கள். தோன்யா கசில்தா முதல் கரண்டியை வாயில் வைத்தாள். வெகுநேரம் மென்றாள்.

"உப்புப் பத்தல" என்றாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டுத் தட்டை மறுபடி நீட்டினாள்.